பதினோராம் நாள் வரும் போன்



இது கண்டனப் பதிவு இல்லை, மீமும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்போது குடிபோதை மறுவாழ்வு மையத்தில் இருந்தால் கடைசி வரை படியுங்கள். அங்கே போய்ப் பாதியில் திரும்பி வந்தவர் நீங்களே என்றாலும் படியுங்கள். திட்டுவதற்காக எழுதவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸைப் பார்ப்பது என் வேலை. தெரு விளக்கு எரியவில்லை, ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள், இப்படித்தான் வரும். நடுவில் எதிர்க்கட்சி ஐடி விங் நண்பர்களின் அர்ச்சனையும் வரும். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் வந்தது வேறு மாதிரி. அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், பேர் எதுவும் சொல்லப் போவதில்லை.

"தம்பி, வீட்டுக்காரரை சென்டர்ல சேர்த்து இன்னியோட 11 நாள். பெயின்டர் வேலை. தினமும் போன் பண்ணி அழுவுறாரு. நான் திருந்திட்டேன், வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்றாரு. நாளைக்குக் காலைல முத பஸ்ஸுக்குப் போலாம்னு இருக்கேன். போலாமா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏற்கெனவே டைப் பண்ணி வைத்திருந்த பதிலைத் தட்டிவிட்டேன். போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446, நன்றி, வணக்கம். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"அந்த நம்பர் சென்டர் சுவத்துலயே எழுதியிருக்கு தம்பி. போலாமா வேணாமா, அத சொல்லு."

வெட்கமாகிவிட்டது. நம் மருத்துவ அணியில் மனநல மருத்துவராக இருக்கும் தோழரை அந்த நேரத்திலேயே எழுப்பினேன். அவர் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எத்தனையாவது நாள்? உள்ளே அடிக்கிறார்களா? வந்து என்ன செய்யப் போகிறேன் என்கிறார்?

முதல் கேள்விக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று அன்று இரவுதான் எனக்குப் புரிந்தது. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, குடி நின்ற ஒரு நாளுக்குள் உதறத் தொடங்கும். கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் மனக் குழப்பம் வரும். சுவரில் இல்லாத பூச்சி ஊரும், செத்துப்போன அப்பா வாசலில் நிற்பார். இந்தக் கட்டத்தில் மருந்தும் கண்காணிப்பும் இல்லாவிட்டால் உயிரே போகலாம். "ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனா ரெண்டு நாள்ல தெளிஞ்சிருவான்" என்று ஊரில் சொல்கிற வைத்தியம் எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். முதல் வாரத்தில் ஒருவர் வெளியே வர அடம்பிடித்தால் அது மன உறுதிப் பிரச்சினை மட்டும் இல்லை, மருத்துவ அவசரம்.

ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் அதைத் தாண்டிவிட்டார். பதினோராம் நாள். நடுக்கம் நின்றுவிட்டது, பசிக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. அவர் "நான் திருந்திட்டேன்" என்று சொன்னது பொய் இல்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றும். சிக்கலே அதுதான்.

நான் படித்தது சிவில். தளம் போட்டு பதினோராம் நாள் மேலே ஏறித் தட்டிப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். கீழே சென்ட்ரிங் முட்டு நிற்பது அசிங்கமாகத் தெரியும், எடுத்துவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்பார். அகலமான தளம் என்றால் 14 நாளுக்கு முன் முட்டைத் தொடாதே, பெரிய பீம் என்றால் 21 நாள் என்கிறது விதி. முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. தட்டினால் வரும் சத்தத்தை வைத்து எந்த இன்ஜினியரும் முட்டை எடுக்க மாட்டான். உடம்பில் சாராயம் இறங்கிவிட்டது என்பதற்கும் அந்த மனுஷன் ஆறு மணி ஆனதும் காலை வேறு பக்கம் திருப்பப் பழகிவிட்டார் என்பதற்கும் நடுவில் நிறைய நாள் இருக்கிறது. தூக்கம் சரியாக வாரங்கள் ஆகும். எரிச்சலும் சோர்வும் மாதக்கணக்கில் வந்து வந்து போகும். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 90 நாளுக்குக் குறைந்த சிகிச்சைக்குப் பலன் குறைவு என்கிறது. 90 நாளும் உள்ளேயே அடைத்து வை என்று அதற்குப் பொருள் இல்லை, வெளியே வந்து தொடர்வதும் அந்தக் கணக்கில் சேரும். உள்ளே இருக்கும் முப்பது நாள் வெறும் அஸ்திவாரம்.

வலி மாத்திரை, ஊசி என்று போன தம்பிகள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது நம் ஊர்களில் இருபது வயசுப் பசங்களிடம் இதுதான் ஓடுகிறது. பத்து இருபது நாள் நிறுத்தியதும் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். மனசுக்கு மட்டும் பழைய அளவு ஞாபகம் இருக்கும். பாதியில் வந்து, பழைய கூட்டாளியைப் பார்த்து, பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். இந்தத் தம்பிகளுக்குச் சட்டத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவோடோ பிடிபட்ட போதை அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையை முழுசாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு தம்பி பாதியில் கிளம்புவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி. உள்ளே அடிக்கிறார்களா?

இதைக் கேட்காமல் "எப்படியாவது முடிச்சுட்டு வா" என்று சொல்வது அநியாயம். நல்ல மையங்கள் இருக்கின்றன. 1980-லிருந்து சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையை உதாரணமாகச் சொல்லலாம். கணவரைக் குடியில் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது அது. ஆனால் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்குக் கம்பி அடித்து, டாக்டரே இல்லாமல் நடத்தும் இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. அடித்ததில் ஆள் செத்து, பிறகு சீல் வைத்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வீட்டில் தகராறு தாங்காமல், "நீங்க வந்து தூக்கிட்டுப் போங்க, பணம் கட்டிடறோம்" என்று கூப்பிடும் குடும்பங்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் சட்டம் அப்படி இல்லை.

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் அடங்கும். தானாகச் சேர்ந்தவர் கேட்டால் அனுப்ப வேண்டும். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவார், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று தோன்றினால், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தலாம். முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை, அவருடைய நியமனப் பிரதிநிதி கேட்டு, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருந்து, 30 நாள் வரை வைக்கலாம். அதை எதிர்த்து மறுஆய்வு வாரியத்துக்குப் போகும் உரிமையும் அவருக்கு உண்டு. எந்த உருவத்திலும் சங்கிலி போடக் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. ஆட்களைப் பார்க்கவும் போன் பேசவும் உரிமை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் வெந்த மாநிலம் இது. அதை மறந்துவிட்டு யாரும் "கொஞ்சம் கண்டிச்சாத்தான் திருந்துவான்" என்று பேசக் கூடாது.

அதனால் உங்கள் ஆள் போனில் அழுதால், "பொய் சொல்றான், குடிக்கறதுக்காக நடிக்கிறான்" என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். நேரில் போங்கள். தனியாகப் பேச விடுங்கள் என்று கேளுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள். டாக்டர் பெயர் என்ன, எந்த மாத்திரை, மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். காட்ட மறுத்தாலோ, உடம்பில் தழும்பு இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே வெளியே கூட்டி வாருங்கள். ஒன்றே ஒன்று, அங்கிருந்து நேராக வீட்டுக்கு வராதீர்கள். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள். இடத்தை மாற்றுவது வேறு, சிகிச்சையை நிறுத்துவது வேறு.

அக்கா மறுநாள் போனார், கேட்டார். அடி இல்லை. டாக்டர் வந்து போகிறார். சாப்பாடு மட்டும் சுமார், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும் என்றார். நான் இருந்த ஹாஸ்டலும் அப்படித்தான் அக்கா என்றேன்.

அப்போது மூன்றாவது கேள்விதான் மிச்சம். வந்து என்ன செய்யப் போகிறார்?

இங்கேதான் எனக்கு நிஜமாகவே அதிர்ச்சி. அந்த அண்ணன் குடிக்கத் துடித்துக்கொண்டு போன் பண்ணவில்லை. அல்லது அது மட்டும் இல்லை. கல்யாண மண்டபம் ஒன்றுக்கு பெயின்ட் அடிக்கும் வேலை, முகூர்த்த சீசனுக்குள் முடிக்க வேண்டியது, மேஸ்திரி வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லிவிட்டார். வண்டி டியூ இரண்டு மாசம் நிற்கிறது, பைனான்ஸ்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அக்காவின் மகளிர் குழு லோன் தவணை வேறு. இதையெல்லாம் உள்ளே உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுகிறவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? நாம் என்னடா என்றால் "மன உறுதி வேணும்" என்று போஸ்டர் அடிக்கிறோம்.

தினக்கூலிக்காரர் முப்பது நாள் படுத்தால் வீட்டில் முப்பது நாள் உலை இல்லை. அவர் பாதியில் வருவதற்கு மனசு ஒரு காரணம் என்றால் அரிசிப் பானை இன்னொரு காரணம்.

இப்போது அரசியல் பேசலாம். 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் கையில். 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோதும் இந்தக் கோடு மேலேதான் போயிருக்கிறது. அந்தப் பக்கம் என்ன நிலைமை? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் செய்து 2019-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்கிறார். நம் பெயின்டர் அண்ணன் அந்த 180-ல் ஒருவர். அத்தனை பேரைத் தாண்டி உள்ளே வந்த ஒருவரை வண்டி டியூவுக்காக வெளியே அனுப்புகிற சமூகமாக இருக்கிறோம்.

காசநோயைப் பாருங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால், சிகிச்சை முடியும் வரை நோயாளிக்குச் சத்துணவுக்காக 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் அரசே வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் "நீ பாதியில போயிடாத" என்று அரசு சொல்லும் முறை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுத்தார்கள். கொடுத்தது தப்பே இல்லை. செத்த பிறகு கொடுக்க முடிகிற அரசு, பிழைக்கப் போனவனின் வீட்டுக்கு அந்த முப்பது நாள் கூலியில் பாதியாவது கொடுக்கட்டும். பதிவு பெற்ற மையத்தில் அல்லது அரசு மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் தினக்கூலிக் குடும்பங்களுக்கு சிகிச்சைக்கால நிவாரணம் வேண்டும், மது வருவாயிலிருந்தே அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். இது நம் கோரிக்கை. பதிவில்லாத மையங்களை ஆள் செத்த பிறகு மூடாமல் இப்போதே மூடுங்கள் என்பதும்.

அரசைக் கேட்டுவிட்டோம். நம்மை யார் கேட்பது? இதைப் போட்டால் மேலிடத்தில் திட்டு விழும் என்று தெரியும், இருந்தாலும் போடுகிறேன். பொதுக்கூட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேனில் பிரியாணிப் பொட்டலத்தோடு குவார்ட்டரும் போகிறது. எல்லாக் கட்சியிலும். நம் கொடி கட்டிய வேனிலும் நான் பார்த்திருக்கிறேன். முப்பது நாள் முடித்து வந்த ஒரு தோழரை நாற்பதாம் நாள் "வாப்பா, ஒரு நாள்தானே" என்று வேனில் ஏற்றுகிற கிளைச் செயலாளர், அடுத்த நாள் மதுவிலக்குத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதை நிறுத்தாமல் இந்தப் பக்கத்தில் நான் எத்தனை பதிவு போட்டும் பிரயோஜனம் இல்லை.

அக்காவின் விஷயத்தில் கிளைத் தோழர்கள் பணத்தை அள்ளி இறைக்கவில்லை. மூன்று வேலை செய்தார்கள். மேஸ்திரியிடம் பேசி, மண்டபத்தின் உள்பக்க வேலையைக் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். பைனான்ஸ்காரரிடம் ஒரு மாசம் டைம் வாங்கினார்கள். வீட்டுக்கு அரிசி, பருப்பு போனது. அரிசி கொடுக்கும் போட்டோ வேண்டும், பக்கத்தில் போடலாம் என்று கேட்ட தோழரிடம் முடியாது என்று சொன்னது நான்தான். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

பிறகு அக்கா மையத்துக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னார்: மண்டபம் உங்களுக்குத்தான், டியூவைப் பத்திக் கவலைப்படாதீங்க. டாக்டர் அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "இன்னிக்கே போகணுமா, முப்பதாம் நாள் போகலாமா, நீங்களே சொல்லுங்க. போற அன்னிக்கு கையில மாத்திரையோட போகணும், அடுத்த ரிவ்யூ தேதியோட போகணும்." ஒரு நாள் யோசிக்கிறேன் என்றாராம் அண்ணன். மறுநாள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. அவர் சொன்ன பதில் அது.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. சிலர் கேட்க மாட்டார்கள், கிளம்பி வந்துவிடுவார்கள். வந்தால் வாசலிலேயே "போன பணம் போச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். உள்நோயாளியாக இருக்க முடியாதவர் வெளிநோயாளியாகத் தொடரலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்குச் சிகிச்சை உண்டு, பணம் கட்ட வேண்டியதில்லை. குடியை விட்டவர்களே நடத்தும் ஏ.ஏ. கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, அதற்கும் காசில்லை. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பொடியை வாங்கிக் குழம்பில் கலக்காதீர்கள். டைசல்ஃபிரம் மாதிரி மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அந்த மருந்தை டாக்டர் கொடுப்பதே, சாப்பிடுகிறவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான்.

ராத்திரி நேரத்தில் யாரோடும் பேச முடியாமல் இருந்தால் டெலி மானஸ் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். 14446-ம் இருக்கிறது. இந்த இன்பாக்ஸும் இருக்கிறது. இனி ரெடிமேட் பதில் வராது.

இன்று அந்த அண்ணனுக்கு 23-ம் நாள். நேற்று இரவு அக்காவிடமிருந்து மெசேஜ்: "இன்னும் ஏழு நாள் தம்பி. அவரு பிரஷ் எல்லாம் காஞ்சு கட்டையா கெடந்துச்சு. டர்பன்டைன் வாங்கி ஊற வெச்சிருக்கேன்."

- இணைய அணி